பவர் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் எதற்காக வாதிடுகிறார்கள்? தழுவல் தொடர் குறித்த ஓர் எளிய விளக்கம்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் முப்பது வயதை ஒட்டியிருக்கும் ஒருவரிடம், சிறு வயதில் பார்த்த தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், அது வெகு விரைவில், வண்ண உடை வீரர்களின் அமெரிக்கத் தொடரான பவர் ரேஞ்சர்ஸில் வந்து நிற்கும். உடன் ஒத்த வயதினர் இன்னொருவர் இருந்துவிட்டால் பேச்சு வாதமாகிவிடும். எந்த சீசன் சிறந்தது, சிவப்பு ரேஞ்சராக யார் இருந்திருக்க வேண்டும், எல்லா அணிகளும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவையா, ஜப்பானிய மூலத்தைப் பார்த்தவருக்கு அமெரிக்கத் தொடர் சுவைக்குமா என்று அது நீண்டுகொண்டே போகும். தொடரைப் பார்த்திராத பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் இது வளர்ந்த பிள்ளைகள் பொம்மைக்காக அடித்துக்கொள்வதைப் போலத் தோன்றலாம். உண்மையில் இந்த வாதங்களில் பெரும்பாலானவை, தொடர் எடுக்கப்பட்ட விதத்திலிருந்தே பிறந்தவை. அந்த விதத்தைப் புரிந்துகொண்டால் வாதங்கள் தாமாகவே விளங்கத் தொடங்கும் என்பதால், முதலில் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

ஜப்பானின் தோயெய் நிறுவனம் 1975ஆம் ஆண்டு ‘கோரெஞ்சர்’ என்ற தொடரை வெளியிட்டது. ஷோதாரோ இஷினோமோரி என்ற புகழ்பெற்ற சித்திரக்கதைக் கலைஞரின் படைப்பு அது. ஐந்து நிறங்களில் உடையணிந்த ஐந்து வீரர்கள் ஓர் அணியாக நின்று தீயவர்களை எதிர்ப்பது என்ற அமைப்பு அங்குதான் உருவானது. ‘சூப்பர் சென்டாய்’ என்று அழைக்கப்படும் இந்த வரிசையில் பின்னர் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு புதிய அணி வந்தது. அந்த அணிக்குப் புதிய உடை, புதிய எதிரிகள், புதிய இராட்சத இயந்திர மனிதன் ஆகியவை அமைந்தன. ஒவ்வோர் ஆண்டின் கதையும் பெரும்பாலும் அந்த ஆண்டோடு நிறைவுபெற்றுவிடும்.

இந்தத் தொடர்களை அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்ல ஹைம் சபான் என்ற தயாரிப்பாளர் கையாண்ட வழி எளிமையானது. அணியினர் சண்டைக்குத் தயாராகும்போது முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட் அணிந்துவிடுகிறார்கள். ஹெல்மெட்டுக்குள் இருப்பது ஜப்பானியரா அமெரிக்கரா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே, அதிகச் செலவு பிடிக்கும் சண்டைக் காட்சிகளையும் இராட்சத இயந்திரங்கள் நகரத்தின் நடுவே மோதும் காட்சிகளையும் ஜப்பானியத் தொடரிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு, முகம் தெரியும் பகுதிகளை மட்டும் அமெரிக்க நடிகர்களைக் கொண்டு புதிதாகப் படமாக்கி, இரண்டையும் இணைத்துவிடலாம். 1992ஆம் ஆண்டின் ‘ஸ்யூரேஞ்சர்’ தொடரின் காட்சிகளைக் கொண்டு இப்படி உருவான ‘மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸ்’, 1993 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கியது.

காட்சிகளை எடுத்துக்கொண்டார்களே தவிர, கதையை எடுத்துக்கொள்ளவில்லை. ஜப்பானியத் தொடரில் அந்த ஐவரும் பல கோடி ஆண்டு உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட பழங்காலப் போர்வீரர்கள். அமெரிக்கத் தொடரில் ஏஞ்சல் குரோவ் என்ற ஊரில் பள்ளிக்கூடம் போகும் மாணவர்கள். ஒரே உடை, ஒரே வாள்வீச்சு, ஒரே வெடிப்பு. அவற்றுக்குள் இருக்கும் மனிதர்கள் மட்டும் வேறு. ரீட்டா என்ற சூனியக்காரி மட்டும் இதற்கு விலக்கு. அவளுக்கு முகமூடி இல்லை என்பதால், ஜப்பானிய நடிகை மச்சிக்கோ சோகாவின் முகத்தையே முதலில் வைத்துக்கொண்டு ஆங்கிலக் குரலைப் பொருத்தினார்கள். முதல் சீசனைக் கவனித்துப் பார்த்தால், அவள் உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போவதை இன்றும் காணலாம்.

இனி வாதங்களுக்கு வருவோம். மிகப் பழைய வாதங்களில் ஒன்று மஞ்சள் ரேஞ்சரின் உடையைப் பற்றியது. முதல் அணியில் கிம்பர்லி இளஞ்சிவப்பு ரேஞ்சர், டிரினி மஞ்சள் ரேஞ்சர், இருவரும் பெண்கள். ஆனால் இருவரும் உடை மாறி அருகருகே நிற்கும்போது, கிம்பர்லியின் உடையில் இடுப்புக்குக் கீழே குட்டைப் பாவாடை இருக்கும், டிரினியின் உடையில் இருக்காது. சிறு வயதில் இதைக் கவனித்த பிள்ளைகள், இயக்குநர் மறந்துவிட்டார் என்று நினைத்தார்கள். காரணம் வேறு: ஜப்பானிய மூலத்தில் மஞ்சள் வீரர் ஓர் ஆண், அந்த ஐவரில் பெண் ஒருத்திதான். அமெரிக்கத் தரப்பினர் அணியில் இன்னொரு பெண் வேண்டும் என்று முடிவெடுத்து மஞ்சளைப் பெண்ணாக மாற்றினார்கள். சண்டைக் காட்சிகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதால் உடையை மாற்ற வழியில்லை. இதை ஒட்டுப்போட்ட வேலை என்று குறை சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. ஆணுக்கென்று தைக்கப்பட்ட உடையை அணிந்து, ஆணுக்கென்று அமைக்கப்பட்ட சண்டையைப் போடும் ஒரு பெண் வீராங்கனை, அந்தத் தற்செயலால்தான் குழந்தைகளுக்குக் கிடைத்தாள். அதே வேளையில், கருப்பு உடையை ஆப்பிரிக்க வழி வந்த நடிகருக்கும் மஞ்சள் உடையை வியட்நாமில் பிறந்த நடிகைக்கும் கொடுத்தது இனத்தை நிறத்தோடு முடிச்சுப்போடுகிறது என்ற விமர்சனம் நியாயமானது. நினைத்துச் செய்திருந்தாலும் நினையாமல் செய்திருந்தாலும், திரையில் அது எப்படித் தெரியும் என்று யாரேனும் ஒருவர் கேட்டிருக்க வேண்டும். டிரினியாக நடித்த துய் டிராங் 2001ஆம் ஆண்டு சாலை விபத்தில் மறைந்தார். தொடரின் 30ஆம் ஆண்டையொட்டி 2023இல் வந்த சிறப்புப் படத்தில், டிரினி போரில் உயிர் நீப்பதாகவும் அவளுடைய மகள் மஞ்சள் உடையை ஏற்பதாகவும் கதை அமைத்திருந்தார்கள். பழைய ரசிகர்கள் பலர் அந்தப் படத்தைக் கண்ணீரோடுதான் பார்த்தார்கள்.

அடுத்தது டாமி என்ற பாத்திரத்தைப் பற்றிய வாதம். ஐவர் அணியில் ஆறாவதாக ஒருவர் வந்து சேர்வதை ரசிகர்கள் ‘ஆறாவது ரேஞ்சர்’ என்றே சொல்கிறார்கள். ஸ்யூரேஞ்சரில் பச்சை வீரர் சிவப்பு வீரரின் அண்ணன். தொடர் முடிவதற்குள் இறந்துவிடுவார். பவர் ரேஞ்சர்ஸில் அந்த உடைக்குள் வந்த டாமி, ரீட்டாவின் மந்திரத்துக்கு ஆட்பட்டு முதலில் எதிரியாக இருந்து, பிறகு மீண்டு அணியில் சேர்கிறான். நடிகர் ஜேசன் டேவிட் ஃபிராங்குக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டவர்கள் அவரை அனுப்ப மனம் வராமல், அடுத்த ஜப்பானியத் தொடரான ‘டாய்ரேஞ்சர்’ உடைகளிலிருந்து வெள்ளை உடையை மட்டும் எடுத்து அவருக்குக் கொடுத்தார்கள். மூலத்தில் அந்த வெள்ளை உடைக்குள் இருப்பவன் ஒரு சிறுவன் என்பது பலருக்குத் தெரியாது. பச்சை, வெள்ளை, பின்னர் சிவப்பு, 2004ஆம் ஆண்டின் ‘டைனோ தண்டர்’ தொடரில் ஆசிரியராகத் திரும்பி வந்தபோது கருப்பு என்று, டாமி மாற்றிக்கொண்ட நிறங்கள் பல. மற்றவர்களுக்குச் சேர வேண்டிய இடத்தை அவர் எடுத்துக்கொண்டார் என்பது ஒரு சாராரின் குறை. பிழை செய்து திருந்தியவனைக் குழந்தைகள் நெஞ்சில் வைத்ததில் வியப்பில்லை என்பது மறுசாராரின் பதில். ஃபிராங்க் 2022 நவம்பரில் காலமான பிறகு இந்த வாதத்தின் சூடு வெகுவாகத் தணிந்திருக்கிறது.

நம் வட்டாரத்தில் மிகுதியாகப் பேசப்படுவது ‘எஸ்.பி.டி.’ தொடர். 2004ஆம் ஆண்டு இறுதியில் டூன் டிஸ்னி அலைவரிசை தமிழ் ஒலியோடும் இந்தியாவுக்கு வந்தது. அதன்பின் அந்த அலைவரிசையில் ஜெட்டிக்ஸ் என்ற பெயரில் சாகசத் தொடர்கள் வந்த நேரத்தில் தமிழ் பேசிய ரேஞ்சர்களைப் பார்த்துத்தான் பல்லடத்திலும் பொள்ளாச்சியிலும் கோபியிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தார்கள். 2005ஆம் ஆண்டு வெளிவந்த எஸ்.பி.டி., அன்று எதிர்காலமாக இருந்த 2025ஆம் ஆண்டில் நடப்பதாக எழுதப்பட்டது. வேற்றுக்கோளினரும் மனிதரும் சேர்ந்து வாழும் நகரம், அதைக் காக்கும் காவற்படை, நாய் முகம் கொண்ட குரூகர் என்ற தளபதி என்று அதன் உலகம் விரியும்.

அந்தத் தொடரின் மையச் சிக்கலே, அணித்தலைவருக்குரிய சிவப்பு உடை யாருக்கு என்பதுதான். ஸ்கை என்ற இளைஞனின் தந்தை சிவப்பு ரேஞ்சராக இருந்து உயிர் நீத்தவர். ஸ்கை பயிற்சியில் முதல்வன், விதிகளை வரி பிசகாமல் கடைப்பிடிப்பவன், சிவப்பு தனக்கே வரும் என்று காத்திருப்பவன். ஆனால் குரூகர், தெருவில் திருடி ஏழைகளுக்குக் கொடுத்துவந்த ஜாக் என்பவனை அழைத்துவந்து சிவப்பை அவனிடம் தருகிறார். ஸ்கைக்குக் கிடைப்பது நீலம். சித்திரை விடுமுறைக்குக் கூடும் அண்ணன் தம்பிகளிடையே இந்தப் பேச்சு இப்படித்தான் நடக்கும்: “அதெப்படிங்ணா, அத்தன வருசம் பயிற்சி எடுத்தவன உட்டுப்போட்டு நேத்து வந்தவனுக்குக் குடுக்கறது? ஸ்கைதானுங்ணா ரெட் ஆயிருக்கோணும்” என்பான் சின்னவன். “அவன் ரெட்டு ஆவோணும்னு நெனச்சான்டா கண்ணு, ஜாக்கு அடுத்தவன் பசியத்தான் நெனச்சான்” என்பார் பெரியவர். இருவர் சொல்வதிலும் சாரம் உண்டு. தொடர் முடியும்போது ஜாக் படையை விட்டு விலகி ஏழைகளுக்கு உதவும் வேலைக்கே திரும்பிப் போகிறான், சிவப்பு ஸ்கைக்கு வருகிறது. இடையிலிருக்கும் 38 பகுதிகளில் ஸ்கை கற்றுக்கொண்டது போதுமா என்பதே வாதத்தின் உயிர்நாடி. என் பார்வையில் போதும். தனக்கு உரிமை என்று நினைத்ததை இன்னொருவர் கையில் பார்த்தபடியே கடமையைச் செய்த பிறகுதான் அவன் அதற்குத் தகுதி பெறுகிறான்.

இந்தப் போட்டி ஜப்பானிய மூலமான ‘டெகாரேஞ்சர்’ தொடரில் இந்த வடிவில் இல்லை. அங்கே சிவப்பு வீரர் பான் துடுக்கான புதியவர், நீல வீரர் ஹோஜி நிதானமான துப்பாக்கி வீரர். ஒத்துப்போகாத இருவர் கூட்டாளிகளாவதுதான் அங்குள்ள கதை. தந்தையின் உடைக்காகக் காத்திருக்கும் மகன் அமெரிக்க எழுத்தாளர்களின் கற்பனை. இன்னொரு மாற்றம் அதைவிடவும் நுட்பமானது. டெகாரேஞ்சரில் குற்றவாளியைப் பிடித்தவுடன் வீரர் கையிலுள்ள கருவியை நீட்டுவார். விண்வெளியின் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும். குற்றவாளி என்று குறி விழுந்தால் அங்கேயே மரண தண்டனை நிறைவேற்றப்படும். குழந்தைகள் பார்க்கும் அமெரிக்கத் தொடரில் இதை வைக்க முடியாது. ஆனால் குறி விழும் காட்சி, சுடும் காட்சி, வெடிக்கும் காட்சி எல்லாம் ஏற்கெனவே படமாகிவிட்டவை. எனவே வெடிப்புக்குப் பின் குற்றவாளி ஒரு சிறிய அட்டைக்குள் அடைக்கப்படுவதாகக் காட்டி, அந்த அட்டையை ரேஞ்சர் குனிந்து எடுப்பதைப் புதிதாகப் படமாக்கிச் சேர்த்தார்கள். மரண தண்டனை சிறைத் தண்டனையாக மாறியது. அந்த அட்டை ஒன்றினால் கதையின் அறமே வேறாகிவிட்டது. மூலத்தைப் பார்த்தவர்கள் இதை நீர்த்துப்போன வடிவம் என்கிறார்கள். பிடித்தவரே அதே இடத்தில் உயிரை எடுப்பதைவிட, பிடித்து அடைத்துவைப்பதே காவலரின் வேலை என்று எட்டு வயதுப் பிள்ளைக்குக் காட்டியதை நான் குறையாகக் கருதவில்லை.

எல்லா அணிகளும் ஒரே உலகத்தில்தான் வாழ்கின்றனவா என்ற கேள்வி தொடரை நெடுங்காலமாகப் பின்தொடர்பவர்களுக்கு உரியது. ஜப்பானில் ஆண்டுக்கு ஒரு கதை முடிந்துவிடுவதால் இந்தத் தலைவலி அங்கு குறைவு. அமெரிக்காவில், 1993 முதல் 1998ஆம் ஆண்டின் ‘இன் ஸ்பேஸ்’ முடியும் வரை ஒரே நீண்ட கதையாகக் கொண்டுசென்றுவிட்டு, பிறகு ஜப்பானைப் போல ஆண்டுக்கு ஓர் அணி என்று மாறினார்கள். ஆனாலும் பழைய அணிகள் அவ்வப்போது வந்து சந்தித்துக்கொண்டன. 2009ஆம் ஆண்டின் ‘ஆர்.பி.எம்.’ தொடரில் ஒரு கணினி வைரஸ் உலகத்தையே அழித்து, மிஞ்சிய மக்கள் ஒரே ஒரு நகரத்துக்குள் அடைந்துகிடக்கிறார்கள். அடுத்த தொடரிலோ உலகம் நலமாக இருக்கிறது. இதைச் சரிசெய்ய ஆர்.பி.எம். வேறொரு உலகம் என்று பின்னர் சொன்னார்கள். இந்த முரண்களைக் கண்டு சிலர் கொதித்துப்போகிறார்கள். கொங்கு நாட்டில் அண்ணன்மார் சாமி கதையை உடுக்கடித்துப் பாடக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒருவர் விரித்துப் பாடும் இடத்தை மற்றொருவர் இரண்டே வரியில் கடந்துவிடுவார். பொன்னரும் சங்கரும் தங்காளும் மட்டும் மாறாமல் இருப்பார்கள். விடிந்த பிறகு ஊரார் எவர் பாட்டு சரி என்று பேசிக்கொண்டே கலைவார்கள். கதை உயிரோடிருக்கும் இடங்களில் இந்தப் பேச்சும் இருக்கத்தான் செய்யும்.

எந்த சீசன் சிறந்தது என்ற வாதத்துக்கு இப்போது ஓர் அளவுகோலைத் தர முடியும்: இரவல் வாங்கிய காட்சிகளைக் கொண்டு இவர்கள் தங்களுடைய கதை ஒன்றைச் சொன்னார்களா என்று பாருங்கள். இதற்கு ஆர்.பி.எம். மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் மூலமான ‘கோ-ஆன்ஜர்’ கலகலப்பான, வேடிக்கை நிறைந்த தொடர். அதன் இயந்திரங்களுக்குப் பெரிய பொம்மைக் கண்கள் உண்டு. அந்தக் காட்சிகளையே வைத்துக்கொண்டு உலகம் அழிந்த பிறகான ஒரு துயரக் கதையை எழுதினார்கள். கார்களுக்கு எதற்குக் கண்கள் என்று பாத்திரங்களே கேட்கும்படியும் எழுதினார்கள். பவர் ரேஞ்சர்ஸ் வரிசையில் மிகத் துணிச்சலான முயற்சி இதுவே என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு நேர்மாறாக, 2011ஆம் ஆண்டின் ‘சாமுராய்’ மூலத்தை வெகு நெருக்கமாகப் பின்பற்றியது. ‘ஷின்கென்ஜர்’ என்ற அந்த மூலத்தில் சிவப்பு வீரர் ஒரு பிரபு, மற்றவர்கள் தலைமுறை தலைமுறையாக அவருடைய குடும்பத்துக்கு ஊழியம் செய்பவர்கள். அந்த விசுவாசத்துக்கும் அதைக் கேள்வி கேட்பதற்கும் ஜப்பானிய வரலாற்றில் வேர் இருக்கிறது. அந்த வேரை விட்டுவிட்டு நிகழ்ச்சிகளை மட்டும் நட்டதால், அமெரிக்கத் தொடரில் அவர்கள் எதற்காக அவ்வளவு பணிகிறார்கள் என்பது விளங்காமலே போய்விட்டது. 2014ஆம் ஆண்டின் ‘சூப்பர் மெகாஃபோர்ஸ்’ ரசிகர்களிடம் மிகுதியாகத் திட்டு வாங்கிய சீசன்களில் ஒன்று. அதன் மூலமான ‘கோகாய்ஜர்’ முந்தைய 34 அணிகளையும் போற்றும் வகையில் 51 பகுதிகளாக எடுக்கப்பட்டது. இங்கே அதை 20 பகுதிகளுக்குள் அடக்கினார்கள். அமெரிக்கத் தொடரில் ஒருமுறைகூட வந்திராத அணிகளின் உடைகளையெல்லாம் ரேஞ்சர்கள் திடீரென அணிந்து வந்தார்கள். அவை யாருடைய உடைகள் என்று புரியாமல் குழந்தைகள் விழித்தார்கள், மூலத்தை அறிந்த பெரியவர்களோ மனம் நொந்தார்கள்.

ஜப்பானியத் தொடர் மட்டுமே அசல், மற்றதெல்லாம் நகல் என்பவர்களிடம் மேலே சொன்ன அளவுகோலையே நீட்டலாம். டெகாரேஞ்சரும் ஷின்கென்ஜரும் அவற்றின் அமெரிக்க வடிவங்களைவிட எழுத்தில் ஆழமானவை என்று நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஸ்கையின் கதையையோ ஆர்.பி.எம். தொடரையோ நகல் என்று ஒதுக்கிவிட முடியாது.

குழந்தைகள் இதைப் பார்த்து அடிதடி கற்றுக்கொள்கிறார்கள் என்ற பெற்றோரின் கவலையும் பழையதே. நியூசிலாந்தில் 1994ஆம் ஆண்டு புகார்கள் எழுந்து ஒளிபரப்பே நிறுத்தப்பட்டது. டிஸ்னி நிறுவனம் தொடரை வாங்கிய பிறகு, 2003 முதல் படப்பிடிப்பு அதே நியூசிலாந்துக்குத்தான் சென்றது. திண்ணையிலிருந்து குதித்துக் காலைச் சுளுக்கிக்கொண்ட பிள்ளைகள் நம் பக்கத்திலும் உண்டு. பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்து பார்ப்பதும், பார்த்த பிறகு அதைப் பற்றிப் பேசுவதும் இதற்குப் போதும் என்று நினைக்கிறேன்.

2023ஆம் ஆண்டு நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘காஸ்மிக் ஃப்யூரி’ இந்த வாதங்களின் அடித்தளத்தையே மாற்றியது. அதில் ரேஞ்சர்களின் உடைகள் ஜப்பானிலிருந்து வராமல் புதிதாக வடிவமைக்கப்பட்டவை. இயந்திரங்களின் காட்சிகள் மட்டும் ‘க்யூரேஞ்சர்’ தொடரிலிருந்து எடுக்கப்பட்டன. முந்தைய சீசனில் இளஞ்சிவப்பு ரேஞ்சராக இருந்த அமீலியா இதில் சிவப்பு உடையணிந்து அணியின் தலைவியானாள். ஒரு சீசன் முழுவதும் ஒரு பெண் அணியின் சிவப்பு ரேஞ்சராக இருந்தது அதுவே முதன்முறை. உடை ஜப்பானில் முன்பே தீர்மானமாகிவிட்டது என்ற காரணம் இங்கே செல்லாது என்பதால், அமீலியாவைப் பற்றிய வாதம் முழுக்க முழுக்க எழுத்தைப் பற்றியதாக அமைந்தது.

இந்தத் தொடர்களைப் புதிதாகப் பார்க்க விரும்புபவர்கள், 1993ஆம் ஆண்டின் முதல் சீசனில் தொடங்க வேண்டியதில்லை. அதன் வேகமும் நகைச்சுவையும் இன்றைய கண்ணுக்குச் சற்றுப் பழையவை. எஸ்.பி.டி. தொடரின் முதல் சில பகுதிகளைப் பார்த்துவிட்டு, அதன்பின் டெகாரேஞ்சரின் முதல் சில பகுதிகளைப் பாருங்கள். ஒரே சண்டை இரண்டு முறை வரும் இடத்தில் நிறுத்தி, சண்டைக்கு முன்னும் பின்னும் இரு தொடர்களிலும் என்ன பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். வீட்டில் ஜெட்டிக்ஸ் பார்த்து வளர்ந்த தம்பியோ மைத்துனரோ இருந்தால் அவரையும் கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கா ஸ்கையா என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே அவர் தொடங்கிவிடுவார்.